இரண்டு கப் புதினா

என்னங்க,

மீன் வாங்கச் செகிஞ்சானுக்குப் போகிறேன். உங்கள் அக்கா செலீனா பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார். அதற்குள் பிரியாணியை நீங்களே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். கோழி மசாலாவில் ஊறுகிறது.

நேற்று இரண்டு கப் புதினா கேட்டதற்கு அரைக் கிலோ வாங்கி வந்தீர்கள். "ஒரு கப்புன்னா எரநூத்தம்பது கிராம்லா! இருவது வருசமா செம்பனைப் பழ லோரிய நிறுக்கிறவன்கிட்டயே கணக்கு சொல்றியா?" என்று கத்தினீர்கள். அந்தக் கணக்கு தண்ணீருக்குச் சரி. இலைக்கு எப்படிச் சரியாகும்?

காலையில் வீட்டில் இருக்கும் உங்கள் சின்னத் தராசிலேயே நிறுத்துப் பார்த்தேன். சும்மா அள்ளிப் போட்டால் ஒரு கப் இலை இருபத்தைந்து கிராம்தான். ஆனால் நான் எப்போதும் செய்வதுபோல் உள்ளங்கையால் அமுக்கிப் போட்டால் ஐம்பது வருகிறது. அமுக்கித்தான் அளப்பேன் என்று உங்களிடம் நான் சொல்லவே இல்லை. அது என் தப்பு.

பிரியாணிக்கு நூறு கிராம் இலையை நிறுத்து, ஈரத்துணியில் சுற்றி ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறேன். அப்படியே போடுங்கள். மறுபடி நிறுக்க வேண்டாம்.

கேட் சாவி தராசுத் தட்டில் இருக்கிறது. வேறு எங்கே வைத்தாலும் உங்கள் கண்ணில் படாது.

முரியல்

பி.கு.: மிச்ச இலையைச் சட்னி அரைத்துவிட்டேன். அக்காவுக்கு ஒரு போத்தல் கொடுங்கள். ஏன் இவ்வளவு என்று கேட்டால், உங்கள் தம்பி ஆசையாக வாங்கி வந்தார் என்று நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று: புதினாக் காம்புகளை வீட்டுக்குப் பின்னால் நட்டிருக்கிறேன். தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் என்று போன் போட்டுக் கேட்காதீர்கள்.