நாற்காலி போட்ட இடத்தில் நம் தெரு

என் அப்பாவுக்கு,

உன்னிடம் நலம் விசாரிக்க முடியாது, அதனால் எங்கள் நலத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு 'நீங்கள்' போட்டுத்தான் எழுத வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். உன்னை அப்படிக் கூப்பிட்டால், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாய். 'நீ'தான் நமக்குச் சரி.

நீ போய்ச் சேர்ந்த பிறகு நம் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். நீ ஊர் மாடுகளை ஓட்டிப்போன புல்லுக்காடு இப்போது மைன்ஸ். ரோட்டில் நின்று பார்த்தால் பள்ளம்தான் தெரிகிறது. அம்மா டவுன்ஷிப்பில் மரக்கன்று நடுகிற கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறாள். நான் இங்கேயே ஒன்பதாவது படிக்கிறேன்.

போன வாரம் எங்கள் பள்ளியில் கண்காட்சி. சுரங்கம் வருவதற்கு முன் இந்த இடம் எப்படி இருந்தது என்று நாங்களே விசாரித்து, பார்க்க வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் திருநெல்வேலி, சேலம் என்று எங்கிருந்தோ வந்தவர்கள். அதனால் புல்லைப் பற்றிப் பேசும் வேலை எனக்கு. எது மாட்டுக்கு, எது கூரைக்கு, எது காலைக் கிழிக்கும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய், இல்லையா?

பெரிய வேலை மைதானத்தில். நம் ஊரைச் சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே வரைந்தோம். அதற்காக ஜியாக்ரபி சார் எங்களைக் கூட்டிக்கொண்டு, வேறு இடத்தில் குடியேறியிருந்த ஊர்த்தெருக்காரர்களிடம் விசாரிக்கப் போயிருந்தார். மற்ற பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே கேட்டார்கள். நான் வாசலோடு நின்று கேட்டேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. கால் தானாக நின்றது.

கோயில், ஏரி, தெருக்கள், பச்சைக் கோலப்பொடியில் புல்லுக்காடு. நன்றாகத்தான் வந்திருந்தது. அம்மா வேலை முடிந்து வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கோயில் இருக்குது, ஏரி இருக்குது. நம்ம தெரு எங்கடி?"

"ஊரைத்தாம்மா வரையச் சொன்னாங்க."

"அப்ப நாம எங்க இருந்தோம்?"

சேரியை விட்டுவிடும்படி யாருமே சொல்லவில்லை அப்பா. ஊர் என்றதும், ஊருக்கும் நம் சேரிக்கும் நடுவில் ஓடிய வாய்க்காலோடு கோடு நின்றுவிட்டது. சுண்ணாம்பு தூவிய எனக்கும் அது தோன்றவில்லை.

வாய்க்காலுக்குக் கிழக்கே நம் தெரு வர வேண்டிய இடத்தில், வேப்பமர நிழலில், விருந்தினர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. மைன்ஸ் ஆபீசர் ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே போனேன்.

"சார், கொஞ்சம் எழுந்துக்கிங்க. இங்க வூடுங்க இருந்துது."

"யார் வீடும்மா?"

"எங்க வூடுங்கதான். நீங்க உக்காந்துகினு இருக்கறது எங்க மாமா வூட்டு வாசல்."

ஜியாக்ரபி சார் கண்ணாலேயே என்னை அடக்கப் பார்த்தார். ஆபீசர் டம்ளரோடு எழுந்துவிட்டார், பாவம். நாற்காலிகள் வெயிலுக்குப் போயின. நான் நம் தெருவை வீடு வீடாகக் கோடு போட ஆரம்பித்தேன். கண்காட்சி பார்க்க வந்து பள்ளி கேட்டிலேயே நின்றிருந்த நம் தெரு ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். "தள்ளிப் போடு புள்ள, அவன் வூட்டுக்கு அவ்ளோ கிட்டயா நான் இருந்தேன்?" என்று சண்டை வேறு.

நம் வீட்டுக் கோட்டுக்குள் அம்மா தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தாள். அங்கே கூரை ஏது? எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் வரைய முடியவில்லை. உன்னைப் புதைத்த மேடு. மிஷின் அதை எப்போதோ வாரிக்கொண்டு போய்விட்டது. கோட்டிலாவது வைக்கலாம் என்று நாங்கள் வரைந்த கணக்கில் அளந்து பார்த்தால், அது பள்ளிச் சுவருக்கு வெளியே, ஷிஃப்ட் பஸ் போகிற ரோட்டில் விழுகிறது.

"வுடுடி, ரோட்டுல யாரு வரைய வுடுவாங்க?" என்றாள் அம்மா.

அடுத்த வருஷமும் கண்காட்சி உண்டு. முதல் கோடு நம் தெருவில் போடுவேன். கடைசிக் கோட்டை அந்த ரோட்டில்தான் போடப்போகிறேன். பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்கட்டும். "எங்கப்பா படுத்துகினு இருக்காரு, சுத்திக்கினு போங்க" என்று சொல்வேன்.

உன் மூத்த மகள்,
செல்வி