ஆறாவது பெயர்

அக்டோபர் 8

இன்று நான் சொல்லாதது: ஐந்து பேர்தான், ஆறு இல்லை.

நாலரை மணிக்கு அக்கா என் பத்திரிகை அலுவலகத்துக்கே போன் செய்தாள். அத்தான் ஓட்டிய ராணுவ லாரி மழையில் சரிந்து பள்ளத்தில் விழுந்துவிட்டது. அவர் போய்விட்டார். "மேலதிகாரி பேசினாரு. லாரிதான்டி. சண்டை எதுவும் இல்ல." அதையே மூன்று முறை சொன்னாள்.

உடனே எழுந்து ஓடியிருக்க வேண்டும். மேஜையில் நாளைய பேப்பரின் முதல் பக்க மெய்ப்பு நான் பிழை பார்ப்பதற்காகக் கிடந்தது. எல்லைத் தாக்குதலில் ஐந்து வீரர்கள் இறந்த செய்தி. ஒரே படைப்பிரிவு, ஒரே நாள் என்பதால், பக்கம் போடுகிறவர் விபத்துச் செய்தியில் இருந்த அத்தானின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டிருந்தார். 'ஆறு பேர் வீரமரணம்.'

எங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் உண்டு. தாக்குதல் என்றால் வீரமரணம். விபத்து என்றால் பலி. காய்ச்சல் என்றால் வெறும் மரணம். நான்கு வருடமாக அதைப் பார்த்துத்தான் பிழை திருத்துகிறேன். பலி என்றால் ஏழாம் பக்கம், நான்கு வரி, கீழே மெத்தை விளம்பரம்.

திருத்தாமலே கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் ஓடினேன்.

அக்டோபர் 10

அக்கா வீட்டுத் தெரு கொள்ளாத கூட்டம். அத்தானுக்கு இங்கே கடைக்காரரைத் தவிர யாரையும் தெரியாது. வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நிஜமாகவே அழுதார்கள். அதுதான் என்னைப் படுத்துகிறது. ஒருவர் ஒலிபெருக்கியில், "கடைசித் தோட்டா வரைக்கும் நின்னாரு!" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "எந்தத் தோட்டா? பேப்பர்ல ஏன்டி அப்படி வந்திருக்கு? நீ பாக்கலையா?"

"என் கைக்கு வரலக்கா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

அக்டோபர் 11

முன்பின் தெரியாத ஒரு பெண் அக்காவின் கையைப் பிடித்து, "அழாதீங்க, அவரு எங்க எல்லாருக்கும் சொந்தம்" என்றாள். அக்கா கையை உருவிக்கொண்டாள்.

அக்டோபர் 15

அக்காவின் சின்ன மகள் பள்ளியில் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டுமாம். "சித்தி, அப்பா எத்தனை பேரச் சுட்டாரு? டீச்சர் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அப்பா கரப்பான்பூச்சியக் கூட அடிக்க மாட்டாரு, அம்மாதான் அடிப்பாங்கன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு — எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

அக்டோபர் 19

வேறொரு பேப்பர் எழுதிவிட்டது: 'ஆறாவது வீரர் இறந்தது விபத்தில்.' தெருமுனைப் பேனரில் ஆறு முகங்கள் இருந்தன. மதியத்துக்குள் ஒன்றின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டார்கள். ஓரத்தில் அவருடைய காது மட்டும் தெரிகிறது.

கடைக்காரர் அக்காவிடம், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லம்மா? ஒரு நாள் முழுக்கக் கடைய மூடுனோம்" என்றார்.

"நீங்க யாரும் கேக்கவே இல்லையேண்ணே."

இவர்கள் அத்தானுக்காக அழவே இல்லை என்று எழுதினேன். அடித்துவிட்டேன். நான் மட்டும் அவருக்காகவா கையெழுத்துப் போட்டேன்? ஏழாம் பக்கத்தில் அவரைப் பார்க்க எனக்குத்தானே கூச்சமாக இருந்தது! பத்தொன்பது வருடம் அந்த மனுஷன் மலைப் பாதையில மத்தவங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனாரு. அது எனக்கே போதலையே.

அக்டோபர் 20

திருத்தம் எழுதச் சொன்னார் செய்தி ஆசிரியர். ஒரே வாக்கியம், பெயர் கூடாது. 'கடந்த 9ஆம் தேதி இதழில் ஆறு பேர் என்பதை ஐந்து பேர் எனத் திருத்தி வாசிக்கவும்.' யார் குறைந்தார் என்று சொல்ல அதில் இடமில்லை.

அவரிடம் உண்மையைச் சொன்னேன். "தெரிஞ்சே விட்டியா?" என்று கேட்டுத் திருத்தத் தாளை வாங்கிக்கொண்டார். "சரி விடும்மா. சொந்தம்னா அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லாமல் இருப்பதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே. இந்த முறை நேராக அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். கத்தவில்லை.

"அப்ப, அவரு செத்த சாவு உனக்குப் பத்தல. அப்படித்தானே?"

மடித்து முடித்தாள். நான் கிளம்பும்போது கதவு வரை வரவில்லை.

அக்டோபர் 27

அக்கா போனை எடுக்கவில்லை.

நவம்பர் 30

அக்கா வீடு மாறிவிட்டாள். முகவரி அம்மாவிடம் மட்டும் இருக்கிறது. அம்மா சொல்லித்தான் தெரியும்: புதுத் தெருவில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "வீட்டுக்காரரு?" என்று கேட்டாளாம். "லாரி ஓட்டுனாரு. மழையில கவிழ்ந்து செத்துட்டாரு" என்றாளாம் அக்கா.

அந்தப் பெண் ஜாமான் பெட்டிகளை உள்ளே தூக்கி வைக்க உதவினாளாம்.