மேகத்துக்கு வெள்ளி விளிம்பு

அம்மாவின் பாதம் தொட்டு, குருகிராமிலிருந்து பபிதா எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கால் சென்டரில் இங்கிலீஷ் மரபுத்தொடர்களை இந்தி அர்த்தத்தோடு மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். பேச்சில் சேர்த்தால் மார்க் உண்டு. கருமேகத்துக்கும் வெள்ளி விளிம்பு உண்டு என்றால், கஷ்டத்திலும் ஒரு நல்லது இருக்கும் என்று அர்த்தம். நேற்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு அம்மாள், கணவர் இறந்துவிட்டார், அவர் பெயரிலுள்ள போன் இணைப்பை நிறுத்த வேண்டும் என்றார். நான் அந்தத் தொடரைச் சொல்லிவிட்டேன்.

அவர் மெதுவாக, "அப்படியாம்மா? எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமை மேனேஜர் இந்தக் காலோட பதிவைக் கேப்பாரு. நம்ம டீம்ல இருந்த ரஞ்சனாவை இப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க," என்கிறார் எங்கள் டீம் லீடர் சித்தரஞ்சன் அண்ணன். நீ கவலைப்படாதே. இன்று ஹெட்போனை இரண்டு தடவை கழற்றி மாட்டினேன், இறுக்கமாக இருக்கும்.

வறுகடலை மாவு கொஞ்சம் அனுப்பு. அப்புறம், அப்பா போனபோது வந்தவர்கள் ஏதேதோ சொன்னார்களே, அதில் ஒன்றாவது உனக்கு ஆறுதலாக இருந்ததா? இருந்தால் எழுது. ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. அந்த அம்மாள் மறுபடி கூப்பிட்டால் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பபிதா