என் அம்மா கட்டாத பாலங்கள்

செப்டம்பர் 1, திங்கள்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று மாலை ஐந்து நாற்பதுக்கு, பதினொன்றாம் வகுப்பு அனந்த் ஆகிய நான், என் தாயார் குணமதி அவர்களின் இணையச் செயலாளராகப் பொறுப்பேற்றேன். விழாவில் பொரி வழங்கப்பட்டது.

அம்மா கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அதன் இலையில் புள்ளி விழும் நோய் பற்றி இருபது வருட ஆராய்ச்சி. அடுத்த திங்கள் பதவி உயர்வுக்கு நேர்காணல். போன தடவை கிடைக்கவில்லை. என்னென்ன கட்டுரை எழுதினாள், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும் இணையப் பக்கம் வேண்டுமாம். "உனக்குத்தான் இதெல்லாம் வரும், ஆரம்பிச்சுக் குடுடா" என்றாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பக்கம் தயார், முகவரியை அம்மாவின் ஃபோனுக்கும் அனுப்பியாச்சு. ஒன்பது கட்டுரை, நாற்பத்தொரு மேற்கோள். என் கிரிக்கெட் ஸ்கோரை விடக் கொஞ்சம் பரவாயில்லை.

அப்போது அந்தத் தளமே கேட்டது: இவையும் உங்களுடையவையா? அம்மாவைப் போலவே சி. குணமதி என்ற பெயரில் இன்னும் அறுபத்து மூன்று கட்டுரை! ஒற்றை எழுத்தும் பெயருமாகத் திரியும் ஊரில் சி. குணமதிகளுக்கா பஞ்சம்? ஆமாம், ஆமாம், எல்லாம் ஆமாம் என்று தட்டினேன். இப்போது மேற்கோள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. என் தாய் இதய அறுவை செய்திருக்கிறாள். மாட்டுக் கோமாரிக்கு ஊசி கண்டிருக்கிறாள். மூன்று பாலம் கட்டியிருக்கிறாள். மல்லாட்டையை விட்டு மாட்டாண்டை போய்விட்டாள்.

நாளைக்குக் காட்டி அவள் முகத்தைப் பார்க்கணும். குறும்பில் எனக்கு நிகர் நானே.

செப்டம்பர் 4, வியாழன்

செத்தேன்.

நேற்று கணக்குப் பரீட்சை, காட்ட மறந்தே போனேன். இன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே சொல்கிறாள்: "அந்தப் பக்கத்தை ஆபீஸ்ல குடுத்துட்டேன்டா. சுரேஷ்குமார் சாரே பிரிண்ட் போட்டு ஃபைல்ல வெச்சுட்டார்."

"நீ பாத்தியாம்மா?"

"எங்க பாத்தேன்? நீ போட்டா சரியாத்தான் இருக்கும்."

பக்கத்தை நான் அழிக்கலாம். ஃபைலில் இருக்கும் தாளை? திங்கட்கிழமை அதைப் புரட்டிவிட்டு, பாலம் எப்படிக் கட்டினீங்க மேடம் என்று கேட்பார்கள். பொய்க்கணக்கு காட்டினாள் என்று எழுதினால் உயர்வு போகட்டும், இருக்கிற வேலையே... சொல்லிடணும். எப்படிச் சொல்றது? யார்கிட்ட முதல்ல?

செப்டம்பர் 5, வெள்ளி

சொல்லவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன்! நானாகவே, நெஞ்சை நிமிர்த்தி, வீரன் போல.

பொழுது சாயும் முன் சாப்பிடுகிற சமண வீடு எங்களுடையது. ஐந்தரை மணிக்கு வெளியே பௌர்ணமிக் கூட்டம் மலை சுற்றப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே தட்டு முன்னால் நான். அப்பா கையைக் கழுவி எழுந்து போய்விட்டார். அம்மா திட்டவில்லை. "அடுத்தவங்களுதைக் கேக்காம எடுத்து வெச்சிக்கிறதுக்கு நம்ம வீட்ல என்ன பேரு அனந்த்?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

இரண்டு பேரும் உட்கார்ந்து அறுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாக நீக்கினோம். மறுபடி நாற்பத்தொன்று. கல்யாணத்துக்கு முன்னால எதுவும் எழுதலியாம்மா என்று கேட்டேன்.

"நாலு எழுதினேன். அது எஸ். குணமதி. தாத்தா பேரு இனிஷியல். கல்யாணமானப்புறம் உங்கப்பா பேருக்கு மாத்திட்டேனே, அது எப்படிடா இதுல சேரும்?"

போன நேர்காணலிலும் இதே நினைப்பில் அந்த நாலையும் விட்டிருக்கிறாள்! சன்மதி மகள் குணமதி வேறு, சந்திரப்பிரபு மனைவி குணமதி வேறு என்று இத்தனை வருடம் ஒரு இயந்திரமும் ஒரு அம்மாவும் நம்பியிருக்கிறார்கள். பழைய பெயரைப் போட்டுத் தேடினேன். நான்கும் வந்தன. அதில் ஒன்றை மட்டும் நூற்றுப் பத்து பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், பிரேசில்காரர்கூட உண்டு. அந்த நாற்பத்தொன்றையும் சேர்த்து மொத்தம் இருநூற்றுப் பதினேழு. எல்லாம் அவளுடையது.

அம்மா திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

நேர்காணலுக்கு முன்பே, காலை எட்டரைக்கே, திருத்தம் கேட்டுக் கடிதமும் புதுத் தாளும் எடுத்துப் போனாள். சுரேஷ்குமார் சார் சொன்னாராம்: "ஜாஸ்தி பண்ணச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க. கம்மி பண்ணச் சொல்லி வர்றது நீங்கதான் மேடம்." மாற்றிவிட்டார். எனக்கு இன்றுதான் ஒழுங்காக மூச்சு வருகிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

கிடைத்துவிட்டது. இணைப் பேராசிரியர் குணமதி! அப்பா இரண்டு தடவை கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அம்மாவைக் காப்பாற்றியவன் நான்தான் என்று வகுப்பில் ஆறு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆராய்ச்சிக்காரர்கள் கட்டுரையில் தப்பு வந்தால் பின்னால் திருத்தம் போடுவார்களாம், அம்மா இன்று சொன்னாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புக்குத் திருத்தம்: நானாகச் சொல்லவில்லை. நேர்காணலுக்குப் படிக்கலாம் என்று அவளே பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டாள். தட்டு வைத்துக்கொண்டே, இது என்னடா என்று கேட்டாள். தளத்துல ஏதோ கோளாறும்மா என்றேன். அவள் எனக்கு ரசம் ஊற்றினாள். மூன்று வாய் சாப்பிட்ட பிறகுதான், நான்தாம்மா என்றேன்.