கயிற்றுக்கு ஆதாரம் கேட்கிறார்கள்

ஜூன் 4, வியாழன்

கச்சான் காற்று. சோற்றில் மணல், மடிக்கணினியில் மணல். செய்ய வேண்டியவை: நூலகம். போட்டோப் பிரதி. உம்மாவின் பிரஷர் குளிசை.

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. நான் எழுதியிருந்தது: வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முகாம் மக்களுக்கு ஊர்க் கிணறு பின்னேர அஸர் தொழுகை வரைதான். பிறகு கயிறும் வாளியும் கிணற்றுக்காரரின் வீட்டுக்குள் போய்விடும். பக்கத்தில், ஆய்வை மேற்பார்க்கும் சேரின் சிவப்பு மை: ஆதாரம்?

போன் எடுத்தேன்.

"முகாமில எல்லாருக்கும் தெரியும், சேர்."

"தெரியுமெண்டாப் போதாது, தம்பி. அச்சில இருக்கிற மூண்டும் உமக்கு எதிரா நிக்குது. ஊராக்கள் கிணத்தைத் திறந்து விட்டவை எண்டுதான் மூண்டிலயும் கிடக்கு. பதினஞ்சாம் திகதி கடைசி, மறந்திடாதையும்."

மூன்று: ஒரு நிறுவனத்தின் அறிக்கை, ஒரு பத்திரிகைக் கட்டுரை, எனக்கு முந்திய மாணவனின் ஆய்வேடு.

ஐந்து வயதில் அந்தக் கிணற்றடியில் வெறும் தண்ணீர்க் கானுடன் நின்றிருக்கிறேன். நான் எந்த வகை ஆதாரம்?

ஜூன் 6, சனி

நூலக வாசலில் இரண்டு கழுதைகள், நிழலுக்கு. பாக்கியசாலிகள்.

மாணவன் அறிக்கையைப் பார்த்து எழுதியிருக்கிறான். அறிக்கை பத்திரிகையைப் பார்த்து. பத்திரிகை, ஊர்ப் பள்ளிவாசல் திறப்பு விழா மலரைப் பார்த்து. மலரில் அதை எழுதியவர் கிணற்றுக்குச் சொந்தக்காரர், ஹாஜியார். மூன்று சாட்சியும் ஒரே ஆள், சட்டைதான் வேறு.

முதலில் சிரிப்பு. பிறகு அதுவும் போனது. அவருடைய கிணறு, அவருடைய கை எழுத்து, அவர் கண்ணால் பார்த்தது. விரிவுரைக் குறிப்பின்படி ஹாஜியார் சுத்தமான முதல்நிலை ஆதாரம். முதல்நிலை என்றால் பக்கத்தில் நின்றவன் என்பது மட்டும்தான். பக்கத்தில் நின்றவனுக்குத்தான் பொய் சொல்லக் காரணமும் அதிகம்.

ஆள் மௌத்தாகி நாலைந்து வருடம். கேட்கவும் முடியாது.

ஜூன் 7, ஞாயிறு

உம்மா சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தா. போனில் பதிவை அழுத்தி முன்னால் வைத்தேன்.

"உம்மா, கிணத்தடிக் கதையைச் சொல்லுங்க."

"முதல்ல அந்தச் சனியனை நிப்பாட்டு."

நிறுத்தினேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தங்கச்சிக்குச் சம்பந்தம். ஹாஜியாரின் பேரன். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டில் எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது.

"அந்தக் குடும்பத்தைப் பத்தி எழுதிப்போட்டு, அவங்கட வீட்டுக்குப் பொண்ணைக் குடுக்கேலுமா? உனக்குப் பட்டம். அவளுக்கு?"

தங்கச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு, நானா. நீங்க இந்த ஊர் உப்பளத்தைப் பத்தி எழுதுங்களேன். உப்பு ஆரோடயும் கோவிக்காது."



ஜூன் 9, செவ்வாய்

முகாம் ஒழுங்கையில் வீடு வீடாக. எங்கும் ஒரே பாட்டு.

"பேர் போடாட்டிச் சொல்றன்."

"எங்கட பொடியன் ஹாஜியார் வீட்டுத் தோட்டத்தில வேலை செய்யிறான், தம்பி."

"இப்ப நல்லாத்தானே இருக்கம்?"

நல்லாக! இன்றைக்கும் இந்த ஒழுங்கைக்குத் தண்ணீர் பவுசர் லொறியில். கடைத்தெருவில் எங்களுக்கு இன்றைக்கும் அகதி என்றுதான் பெயர். யுத்தம் முடிந்ததாம். அச்சில் இருப்பது அச்சடிக்க வசதி உள்ளவன் சொன்னது. மற்றதெல்லாம் வாய்க்கதை.

பெயரில்லாமல் எழுதலாமா என்று சேரிடம் கேட்டேன். "நீர் கற்பனை பண்ணினதெண்டு சொல்லுவினம்."

குளிசை வாங்க மறந்துவிட்டேன். உம்மாவிடம் ஏச்சு.

ஜூன் 12, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா, அதாவது ஹாஜியாரின் மருமகள். பெரிய குரல், கையில் வட்டிலப்பம். தங்கச்சியைப் பார்த்து முடித்து என் பக்கம் திரும்பினா.

"கெம்பஸ்ல என்ன படிக்கிற, மகன்?"

உம்மா கண்ணால் எரித்தா.

"முகாம் கிணறுகளைப் பத்தி ஆய்வு, மாமி."

"எங்கட கிணறுமா? அஸருக்குப் பொறகு கயித்தைக் கழட்டி உள்ளுக்கு எடுக்கிறது நான்தானே! அப்ப நான் புதுப் பொண்ணு. ஹாஜியார் மாமா கட்டில்ல சாஞ்சுகொண்டு கத்துவார், 'புள்ள, கயிறு!' கிணறு வத்திடும் எண்டு அவருக்குப் பயம்."

"நாங்க வேலிக்கு இங்கால நிண்டு உங்களைத் திட்டுவம்," என்றா உம்மா.

"கேக்காதெண்டா நெனச்சீங்க? உங்கட ஊர் ஏச்செல்லாம் நான் அப்படித்தான் பழகினது!"

இருவரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். நாங்கள் தாகத்தோடு கிடந்தது இவர்களுக்குப் பகிடி.

"மாமி, இதை எழுதட்டா? உங்கட பேரோட?"

சிரிப்பு நின்றது. உம்மா வாழைப்பழத் தட்டை அவவுக்கு முன்னால் நகர்த்தினா. திரைக்குப் பின்னாலிருந்து தங்கச்சி எட்டிப் பார்த்தாள்.

மாமி கையைத் துடைத்தா. "எழுது. நான் கழட்டினன் எண்டு எழுது, பொய்யில்லயே. மாமா சொல்லித்தான் எண்டு மட்டும் எழுதப்படாது. மௌத்தான மனுசன்."

கலியாணத்துக்குத் திகதி குறித்துவிட்டே போனா.

ஜூன் 13, சனி

காற்று குறையவில்லை. ஆதாரம் கிடைத்துவிட்டது. பெயர் உண்டு, அனுமதி உண்டு. உண்மை பாதி. மாமி சொன்னபடி எழுதினால் ஹாஜியார் வள்ளலாகவே இருப்பார், குற்றம் புது மருமகளுக்கு. கழட்டிய கை அகப்படும், ஏவிய வாய் தப்பும். இந்த ஊரில் எப்போதும் அப்படித்தான்.

"கயிற்றை எடுத்தவர் அந்த வீட்டு மருமகள்" என்று எழுதினேன். "எடுக்கச் சொன்னவர் மாமனார்" என்று எழுதி, அழித்தேன். அடுத்த அறையில் தையல் மெஷின். தங்கச்சி கலியாணச் சட்டையை இப்போதே தொடங்கிவிட்டாள்.

அழித்த வரியை மீண்டும் எழுதினேன்.