எந்த வரியில் இருக்கிறது?

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் சுகம். வகுப்பும் நூலக வேலையும் முடிந்து அறைக்கு வந்தால் சாப்பிடக்கூட அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போன வாரம் வகுப்பில் அசடு வழிந்தேன். ஒரு கதையைப் படித்துவிட்டு, "இந்தப் புருஷனுக்குப் பொண்டாட்டி மேல கோபம்" என்று அடித்துச் சொன்னேன்.

"சரிம்மா, எந்த வரியில இருக்கு? வாசிச்சுக் காட்டு" என்றார் பேராசிரியை.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அப்படி ஒரு வரியே இல்லை.

"அப்ப அது நீ கொண்டுவந்து வச்ச கோபம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அறைக்கு வந்ததும் உங்கள் கடிதத்தை எடுத்தேன். நான் படிக்க வந்ததில் உங்களுக்குக் கோபம் என்று இத்தனை நாளும் மருகிக்கொண்டிருந்தேன். வரி வரியாகத் தேடினேன். குழாய் ரிப்பேர், ஸ்கூல் பஸ், கேஸ் தீர்ந்தது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கோபத்துக்கு ஆதாரமே இல்லை. ஆனால் நான் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்பதற்கும் ஒரு வரி இல்லையே.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு பருத்தி நைட்டி கொடுத்தனுப்புங்கள். அடுத்த கடிதத்தில் அந்த வரியையும் எழுதிவிடுங்கள். நானாக எழுதிப் படித்துக்கொண்டால் செல்லாது.

பஸ் வருகிறது, முடிக்கிறேன்.

பாப்பாவின் அம்மா