அறுபட்ட பக்கம்

மார்ச் 3, திங்கள்
அறுநூற்றுப் பன்னிரண்டாவது உருவம். இதுவும் குப்பைக்கு.

திரையில் ஒரு பெட்டி. அதற்குள் கணினி தூவும் எண்கள், இரைச்சல் என்போம். ஓர் அளவுக்கு மேல் எண் இருக்கும் இடமெல்லாம் திடம், மற்றது வெறுமை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் என் நிரல் சின்னச் சின்ன முக்கோணங்களால் தோல் போர்த்தும். பாறை மாதிரி, ஈரல் மாதிரி ஏதோ வரும். அழகாக வருகிறதே என்று பார்த்தால் பெட்டிச் சுவரில் முட்டி, சீவிய உருளைக்கிழங்காய் அறுபட்டு நிற்கும். ஒரு மாதமாக இதே பாடு.

மார்ச் 6
சுவரோரத்தில் எண்களைக் குறைக்க ஒரு வரி எழுதினேன். உருவம் எதிலும் முட்டாமல் வழவழவென்று மூடிக்கொண்டது. முப்பரிமாண அச்சுக்கடை வைத்திருக்கும் வென்டலுக்கு அனுப்பியாயிற்று, பிளாஸ்டிக்கில் அடித்துத் தர. சந்தோஷமா? இல்லை. தூக்கம் வருகிறது.

மார்ச் 8
பிட்ஸ்பர்க் காப்பீட்டு அலுவலகத்தில் என் பழைய இடம் இன்னும் காலியாம். வெள்ளி மாலை ஐந்துக்குள் சொல்ல வேண்டும். இந்த உருவத்தை வைக்கப்போகும் கண்காட்சி அதற்கு முந்தின நாள், வியாழன். அது சொதப்பினால் வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்றேன் ரெனாட்டாவிடம்.

"எனக்காகப் போறேன்னு மட்டும் சொல்லாத. இருபது வருஷம் அந்த வேலையில நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருந்ததை நான்தான் பார்த்தேன்."

என் மனைவியின் வாய்க்கு மட்டும் அலுப்பே கிடையாது.

மார்ச் 11
வென்டல் ஃபோன். "என்னப்பா கர்ட்டிஸ், ஒரு பக்கம் தொறந்து கிடந்துச்சே? நானே தட்டையா மூடி அடிச்சுட்டேன். முப்பது மணி நேரம் ஓடுச்சு."

தப்பான கோப்பை அனுப்பியிருக்கிறேன். பழைய அறுபட்டது! முட்டாள். மறுபடி அடிக்க நேரமில்லை. காரிலேயே உட்கார்ந்து அழுதேன் — ஐம்பத்திரண்டு வயசுல எனக்கு இது தேவையா?

மார்ச் 13
கண்காட்சியில் மற்றவர்களுடைய உருவங்கள் கம்பியில், கொக்கியில். என்னுடையது அறுபட்ட பக்கத்தில் தானாக நின்றது. ஒரு பெண்மணி இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

"பாதி மேசைக்குள்ள புதைஞ்ச மாதிரி இருக்கே. மிச்சம் எங்க?"

தெரியலையே என்றேன். பார்க்க ஆசையாக இருந்தது. எத்தனை மாதம் கழித்து, ஆசை.

மார்ச் 14, வெள்ளி
இரைச்சல் பெட்டியோடு முடிவதில்லை. இது எனக்குத் தெரிந்ததுதான், மரமண்டை. சுவரோரத்து வரியை அழித்தேன். பெட்டியை அதன் உயரமளவு கீழே நகர்த்தினேன். விட்ட இடத்திலிருந்து மிச்சம் வந்தது, விளிம்போடு விளிம்பு பொருந்தி. அதுவும் அடுத்த சுவரில் அறுபட்டது. மறுபடி நகர்த்தினேன். மறுபடி.

ரெனாட்டா கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "ஆபீசுக்குப் பேசினியா?"

மணி ஆறேகால்.

"இல்ல."

என் கோட்டையும் எடுத்து நீட்டினாள். "சரி, கிளம்பு. தவக்கால வெள்ளி, சர்ச்சுல போடுற மீன் சாப்பாடு தீர்ந்துடும்."